குளிர் அறைக் கதவு

"வாப்பா, குளிர் அறைக் கதவ யாரு திறந்து போடுறது?"

கைப்பேசியில் மின்சாரக் கணக்கைக் காட்டினாள் அஃப்னா. சிங்கப்பூர் செனோக்கோவில் வாப்பா நூர்தீன் நடத்தும் இறைச்சித் தொழிற்சாலையில் மின்சாரத்தைக் குறைப்பது இப்போது அவள் பொறுப்பு. படித்த படிப்பும் அதுதான். சொந்த வாப்பாவின் தொழிற்சாலை என்றால் விடுவாளா?

"டெய்லி மத்தியானம் கரண்ட் எகிறுது. இந்த மாசம் ஓட்டல்காரங்க கேட்ட அளவுக்குக் கார்பன் குறையலன்னா அவங்க ஆர்டர் போயிடும். தேக்கா மார்க்கெட் கடைங்கள மட்டும் நம்பி இத்தனை பேருக்குச் சம்பளம் குடுக்க முடியாதுலா."

"நான்தான்மா. கோழிப் பெட்டி ஒழுங்கா அடுக்கியிருக்கான்னு பார்ப்பேன்."

"கதவ மூடிட்டுப் பாருங்க."

நூர்தீன் தலையைச் சொறிந்தார். கணக்கு மேசையில் இருந்த உம்மா சம்சுன்னிசா அட்டை ஒன்றால் விசிறிக்கொண்டே, "வாப்பாவ விடும்மா. பாவம், வயசாகுது" என்றாள்.

அஃப்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்த முதல் வாரமே அலுவலக ஏசியை நிறுத்தி, ரிமோட்டைத் தன் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு திரிகிறாள் அவள். அப்படி மிச்சம் பிடித்ததையெல்லாம் இவர் ஒரு கதவில் கோட்டை விடுகிறார். அன்றே கதவில் அலாரம் பொருத்தினாள். வேண்டாம் என்று நூர்தீன் காலில் விழாத குறை.

மறுநாள் மதியம் அலாரம் அலறியது. அஃப்னா ஓடினாள். பாதி திறந்த கதவைப் பிடித்தபடி, வழியை மறித்து நின்றார் வாப்பா. திட்ட வாயெடுத்தவள் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

உள்ளே, கோழிப் பெட்டிகளுக்கு நடுவே, முக்காட்டைத் தளர்த்திக் கண்ணை மூடி நின்றிருந்தாள் உம்மா. முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"இந்த வயசுல பொம்பளைங்களுக்கு உடம்பு திடீர் திடீர்னு எரியுமாம். டாக்டர் சொன்னாங்க" என்றார் நூர்தீன் தணிந்த குரலில். "கதவ மூடினா அவளுக்குப் பயம். அதான் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்."

அஃப்னா வாப்பாவைத் தாண்டி உள்ளே போனாள். "ஏன் உம்மா என்கிட்ட சொல்லல?"

சம்சுன்னிசா வெட்கத்தோடு சிரித்தாள். "எம்மக ஆபீஸ் ஏசிய நிறுத்தியே கரண்ட மிச்சம் புடிக்கிறான்னு, சிராங்கூன் மாமிலேர்ந்து புக்கிட் பாத்தோக் சாச்சி வரைக்கும் பெருமையாச் சொல்லிட்டேன்லா."

அஃப்னா பாக்கெட்டிலிருந்த ரிமோட்டை எடுத்து உம்மாவின் கையில் வைத்தாள்.