ஸ்தானிமிர் கொண்டுவந்த அழுக்கு

இரண்டாம் மாடி ஸ்தானிமிர் பண்ணிய அநியாயத்தை எனக்கு முதலில் சொன்னது எங்கள் கட்டடத்துத் தெசாங்கா. பெருநோன்பின் ஐந்தாம் ஞாயிறு, கோவிலில் மெழுகுவர்த்தி வாங்கும் வரிசையில். கோவிலுக்குள் வம்பு பேசக் கூடாதே என்று காதோடு காதாகச் சொன்னாள். அவ்வளவு பக்தி.

விஷயம் இதுதான். எங்கள் கட்டடத்தில் முதல் மாடி மிலுங்காவின் மகன் ராஸ்த்கோ ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். குஞ்சிலிருந்து வளர்த்த ஏஞ்சல் மீன்களை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தான். ஈஸ்டருக்கு வருகிறேன், அதற்குள் அவற்றைப் பெரிய தொட்டிக்கு மாற்றி வையுங்கள் என்று சொல்லி, கட்டில் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி அனுப்பினான்.

மிலுங்கா சுத்தக்காரி. அவள் வீட்டு மிதியடியை மிதிக்கவே எங்களுக்குப் பயம். பழைய தொட்டியின் கூழாங்கல்லை வெந்நீரில் அலசினாள். பழைய ஃபில்டரைக் குப்பையில் போட்டாள். புது ஃபில்டர், புதுத் தண்ணீர், கண்ணாடியில் ஒரு விரல் ரேகை கிடையாது. மீன்கள் அன்றைக்கே புதுமனை புகுந்தன.

நாங்கள் பார்க்கப் போனோம். வெறுங்கையோடு போக முடியுமா? நான் காபித்தூள் கொண்டுபோனேன், தெசாங்கா சர்க்கரை. மீன்கள் காபி குடிப்பதில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஒன்று செத்து மிதந்தது.

"அவன் வந்து கேட்டா நான் என்னடீ சொல்லுவேன்? அவனுக்குன்னு இந்த வீட்ல மிச்சம் இருக்கிறது இதுங்கதான்" என்று மிலுங்கா அழுதாள்.

நாங்கள் சும்மா இருப்போமா? தெசாங்கா தொட்டியைச் சுற்றித் தீர்த்தம் தெளித்தாள். நான் புனித நிக்கோலாவிடம் வேண்டிக்கொண்டேன்.

அப்போதுதான் ஸ்தானிமிர் மாடியிலிருந்து இறங்கி வந்தாராம். தனிக்கட்டை. அவரும் மீன் வளர்க்கிறார், வருஷக்கணக்காக. கோவில் பக்கம் வருவதில்லை, ஆகவே அவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம்.

கையில் ஊறுகாய் ஜாடி. அதற்குள் கறுப்பாக, கொழகொழவென்று ஒரு ஸ்பாஞ்சு. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் முழங்கை வரை கையை விட்டு, அதைப் புது ஃபில்டருக்குள் திணித்தார். யாரும் தொடாதீர்கள் என்று ஒரு அதட்டல். மிலுங்கா ஊற்றி வைத்த காபியை ஏறெடுத்தும் பார்க்காமல் போய்விட்டார்.

"தன் வீட்டு அழுக்கைக் கொட்ட அந்தாளுக்கு இவ வீடுதான் கிடைச்சுதா? குப்பைத்தொட்டி கீழேதானே இருக்கு" என்றாள் தெசாங்கா. வரிசையில் முன்னால் நின்றவளும் திரும்பி உச்சுக் கொட்டினாள்.

மிலுங்காவுக்கு அதைத் தொடவே அருவருப்பு. தொடாததால் அது அங்கேயே இருந்தது. மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி நீந்த ஆரம்பித்தன.

தீர்த்தத்தின் மகிமை என்றாள் தெசாங்கா. நான் மறுக்கவில்லை, மனசுக்குள் புனித நிக்கோலாவுக்கும் ஒரு பங்கு ஒதுக்கினேன்.

அடுத்த ஞாயிறு குருத்தோலைத் திருநாள். நோன்புக் காலம்தான், ஆனாலும் அன்று மீன் சாப்பிடலாம். மிலுங்காவின் மீன்களுக்காக உருகிய நாங்கள் எல்லாரும், வீட்டில் மீனுக்கு உப்புத் தடவி வைத்துவிட்டுத்தான் கோவிலுக்கு வந்திருந்தோம்.

பூசை முடிந்ததும் மிலுங்கா, கோவிலில் குருத்தோலைக்குப் பதிலாக மந்திரித்துக் கொடுத்த கிளையில் ஒன்றை ஸ்தானிமிருக்கும் கொடுத்துவிட்டு வரலாம் என்றாள். அழுக்கோ என்னவோ, மனுஷர் ஏதோ கொண்டுவந்தாரே என்று. நான் துணைக்குப் போனேன். அதாவது, வேடிக்கை பார்க்க.

கதவு திறந்தே கிடந்தது. ஸ்தானிமிர் வாளியும் கையுமாகத் தன் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு மாற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியிருந்தது. சுவர் நீளத் தொட்டியில் மிச்சம் இருந்த மீன் மூன்றே மூன்று. மூன்றும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"என்னண்ணே இது, உங்க மீனுக்குமா?" என்றாள் மிலுங்கா.

"ஃபில்டர்ல ஸ்பாஞ்சு இல்லாம முடியலம்மா."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். மீன் கழிவு தண்ணீரை விஷமாக்குமாம். அந்த விஷத்தைத் தின்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அந்த அழுக்கில்தான் குடியிருக்குமாம். புதுத் தொட்டியில் அவை தானாகப் பெருக வாரக்கணக்கில் ஆகுமாம்.

"பாதியை வெட்டித் தந்திருக்கலாமே அண்ணே?"

"உங்க தொட்டி பெருசு, பாதி பத்தாது. என்கிட்ட பழைய மணல் இருக்கே, சமாளிச்சுக்கலாம்னு பாத்தேன். சமாளிக்கல."

மிலுங்கா படியை நோக்கி ஓடினாள், ஸ்பாஞ்சைத் திருப்பிக் கொண்டுவர. அவர் ஈரக் கையோடு வாசலை மறித்துக்கொண்டார்.

"அதுல கை வைக்காதீங்க. உங்க தொட்டி இன்னும் பச்சைப்புள்ள மாதிரி. இப்ப எடுத்தா உங்க பையன் வந்து வெறும் தண்ணியத்தான் பாப்பான்."

நாங்கள் இறங்கி வந்தோம். படியில் தெசாங்கா எதிர்ப்பட்டு, அந்தாள் இன்னும் என்ன குப்பை வைத்திருக்கிறான் என்று கேட்டாள். நாங்கள் அவளைத் தாண்டிக் கீழே இறங்கினோம்.

அந்த மூன்று மீனும் இன்று காலை வரை உயிரோடு இருக்கின்றன. உங்கள் வீட்டில் ரொம்ப நாளாக ஓடுகிற மீன்தொட்டி இருந்தால், அதன் ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு கையகலம் வெட்டி, ஈரம் காயாமல் கொண்டுவந்து கொடுங்கள். இரண்டாம் மாடி, இடப்பக்கக் கதவு.