லூர்துவின் கட்டைவிரல்

1951-இல் ராயபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் குமாஸ்தா. துறைமுகத் தொழிலாளி லூர்துவுக்குப் பிறந்த குழந்தை ஆணா பெண்ணா என்று டாக்டருக்கே பிடிபடவில்லை.

"அறுத்துப் பொண்ணாக்கிடலாம்ப்பா. அப்பன் கைநாட்டு போதும்" என்றார்.

லூர்துவின் கட்டைவிரல் இருக்கிறதே, அதில் ஒரு கப்பலையே கட்டி நிறுத்தலாம்! மையில் தோய்த்துச் சம்மதத் தாளில் அழுத்தினார். எடுத்தால், அரிசி அளவுக்கு ஒரு ரேகை! எனக்குக் குதிக்கலாம் போலிருந்தது. இன்னும் இரண்டு தாள் நீட்டினேன். அவற்றிலும் அதே அரிசி.

"இன்னா சார், என் வெரலு எங்க பூட்ச்சி?" என்றார் லூர்து.

குழந்தையை மடியில் வைத்திருந்த அவர் மனைவி சிலுவையம்மாள் சிரித்துவிட்டாள். "டாக்டரய்யா, அது புள்ளையோட ரேக. அது பெர்சாவட்டும், அதுகிட்டயே கேட்டுக்கினு அப்பால அறுங்க."

டாக்டர் ஆபரேஷனை ரத்து செய்தார். குழந்தை பிறந்தபடியே வீட்டுக்குப் போனது.

தாள்களை பீரோவில் வைத்து வருஷாவருஷம் எடுத்துப் பார்ப்பேன். 1958-இல், நான் ஓய்வு பெற்ற அன்று, ரேகைகள் புளியங்கொட்டை அளவுக்கு வளர்ந்திருந்தன. மூன்றிலும் குறுக்கே ஒரு புதுத் தழும்பு. பிள்ளை எங்கோ விளையாடி விரலைக் கிழித்துக்கொண்டிருக்கிறது!