பகடைக்கு ஒரு புது விதை

கைபேசிப் பரமபதத்தில் ஒரு சிவப்புக் காய் இருந்தது. ஆட்டம் திறக்கும்போதெல்லாம் அதற்கு அதே எண்கள் விழும். அதே குண்டுப் பாம்பு அதை விழுங்கும். நூறாம் கட்டத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அதன் ஆசை.

ஒரு நாள் பகடையிடம் போய், "ஏண்ணே, உங்களுக்கு வேற எண்ணே தெரியாதா?" என்று கேட்டது.

பகடை முறைத்தது. "நான் ரேண்டம் லைப்ரரியிலிருந்து, அதாவது கண்டபடி எண் போடுற நிரல்லேருந்து, வந்தவன். அடுத்து என்ன போடுவேன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"நாலு, ஆறு, மூணு, அப்புறம் பாம்பு வாய். சரியா?"

பகடை மெல்லச் சொன்னது: "ஆட்டம் எழுதினவர் எனக்கு ஒரே ஒரு விதை எண்தான் தந்தார். தினமும் அதை வச்சுத்தான் கணக்குப் போட்டு உருளுறேன். விதை மாறாம விளைச்சல் எப்படி மாறும்?"

"அப்போ கடிகாரத்தைக் கேட்டு, இப்போ ஓடுற நொடியை விதையா வச்சுக்கோங்க."

"ஐயையோ, அப்புறம் என்ன விழும்னு எனக்கே தெரியாதே" என்று பகடை நடுங்கியது. நடுங்கியபடியே கடிகாரத்தைக் கேட்டுக்கொண்டு, மறுபடி மறுபடி உருண்டது.

குண்டுப் பாம்பு வாயைத் திறந்து காத்திருக்க, காய் அதைத் தாண்டி, ஏணிகளில் ஏறி, தொண்ணூற்றொன்பதாம் கட்டத்தில் போய் நின்றது. அங்கே தூங்கிக்கொண்டிருந்த பாம்பு திடுக்கிட்டு எழுந்தது.

"யாரும்மா நீ? இது வரைக்கும் இங்க ஒருத்தரும் வந்ததில்லையே. எப்படி விழுங்கணும்னுகூட எனக்குத் தெரியாது" என்றது வெட்கத்தோடு.

"எனக்கு நல்லாத் தெரியும், சொல்லித் தரேன் அக்கா. முதல்ல கண்ணை இறுக்கி மூடிக்கணும்."

"மூடிட்டேன். அடுத்து?"

"அப்படியே இருங்க" என்றது காய், நூறாம் கட்டத்திலிருந்து.