மிச்சம் கறுப்பு மட்டும்

"இவன் கறுப்பு வேலைக்காரனா? பாதிரியார் மாதிரி விறைப்பா நிக்கறான்! சோம்பேறியா வரையச் சொன்னா இதுதான் லட்சணமா?"

ஹாலிவுட், 1935. கார்ட்டூன் பட இயக்குநர் வெல்டன், ஸ்டுடியோ ஓவியன் ஆர்லோ வரைந்த தாளைக் கிழித்தெறிந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள சரியா வரலைன்னா வேற வேலை பார்த்துக்கோ."

மாலையில் ஆர்லோ புதிய பென்சில் படங்களை நீட்டினான். நாற்காலியில் சரிந்து, வாயைப் பிளந்து, எச்சில் வழியத் தூங்கும் ஒருவன். வாய்க்குள் போன ஈயை, கண்ணைத் திறக்காமலே மென்று விழுங்கினான்.

வெல்டன் குலுங்கிச் சிரித்தார். "இதான்யா அந்தக் கூட்டம்! பொறப்புலயே சோம்பேறிங்க. ஒரு கோடுகூட மாத்தாதே!" ஒப்புதல் கையெழுத்தும் போட்டார். "எந்தத் தெருவுல புடிச்சே இவனை?"

ஆர்லோ வாயைத் திறப்பதற்குள், கணவரை அழைத்துப்போக வந்திருந்த திருமதி வெல்டன் எட்டிப் பார்த்தாள்.

"அட, உங்க மத்தியானத் தூக்கம்! அச்சு அசல் நீங்களேதான். யாருங்க வரைஞ்சது?"

வெல்டனின் சிரிப்பு நின்றது.

"உங்க ரூம் கதவு திறந்திருந்தது சார்," என்றான் ஆர்லோ பணிவாக. "இந்தப் படங்களைப் பெயின்ட் அடிக்க அனுப்பிடட்டுமா? கறுப்பு பூசறது ஒண்ணுதான் பாக்கி."