கீழே பார்க்கக் கூடாது

பகல் ஷிப்டின் வெயில் பஞ்சுத் தூசியில் கலங்கி வெள்ளையாக நிற்கிறது. சித்தூர்ப் பக்கத்திலிருந்து இந்தப் பீளமேட்டு மில்லுக்குக் கூட்டிப் பெருக்க வந்த வெங்கடலட்சுமிக்கு இன்று நூல் மிஷினில் சோதனை. தேறிவிட்டால் சைடர் வேலை. அறுகிற நூலை ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். சீமாற்றைத் தொட வேண்டியதில்லை. அவள் விரல்கள் நூலை ஒட்டிவிடுகின்றன. ஆனால் தரையில் ஒரு கொத்துப் பஞ்சு விழுந்ததும் ஆறு வருஷப் பழக்கத்தில் முதுகு தானாக வளைகிறது. பின்னாலேயே நடக்கும் மேஸ்திரி ராசப்பன் நூல் சுற்றாத வெறும் பாபின் கட்டையால் அவள் மணிக்கட்டில் அடிக்கிறான். மறுபடி வளைகிறாள். அதே எலும்பில் மறுபடி விழுகிறது. வீங்கிய கையில் வளையல் இறுகுகிறது. அவன் காதருகே வந்து கத்துகிறான்: “கீழ பாக்கறதுக்கு வேற ஆளிருக்குதுங்க அம்மணி. இன்னொருக்கா குனிஞ்சீங்கன்னா பழையபடி சீமாறுதானுங்க.”

அந்த வேற ஆள், அவளோடு ஒரே லாரியில் ஊரைவிட்டு வந்த நாகரத்தினம்மா. காலடியில் குந்தி, மிஷின் ஓரத்துப் பஞ்சைக் கையால் வழித்துக்கொண்டிருக்கிறாள். மேலே ஒரு நூல் அறுந்து ஆடுகிறது. வெங்கடலட்சுமி எட்டிக் கால் வைக்கிறாள். குதிகாலுக்கடியில் நாகரத்தினம்மாவின் விரல்கள் நசுங்குவது தெரிகிறது. “காலு திய்யவே, லட்சுமி!” என்று காலை எடுக்கச் சொல்லி நாகரத்தினம்மா தெலுங்கில் அலறுகிறாள். மிஷின் இரைச்சலில் அது வெங்கடலட்சுமி ஒருத்திக்குத்தான் கேட்கிறது. அவள் குனியவில்லை. காலையும் எடுக்கவில்லை. உடம்பின் பாரம் முழுக்க அந்தக் குதிகாலில் நிற்க, நூலைத் தூக்கி உருளையில் கொடுத்து ஒட்டுகிறாள். ராசப்பன் பாபினைத் தாழ்த்துகிறான்.

“இப்பத்தானுங்க அம்மணி வேலை புடிபட்டிருக்குது.”