உதட்டில் தங்கிய முள்

பாறை இடுக்கில் வாழ்ந்த கொடுவா மீன் ஒன்று ஒருநாள் தூண்டிலில் மாட்டிக்கொண்டது. உயிர் பிழைக்க அது இழுத்த இழுப்பில் தூண்டில் நரம்பு அறுந்துபோனது. முள் மட்டும் உதட்டிலேயே தங்கிவிட்டது.

"நீ எப்போதுதான் தொலைவாய்?" என்று கொடுவா தினமும் திட்டும்.

"துருப்பிடித்ததும் நானே விழுந்துவிடுவேன்" என்று முள் சொல்லும்.

ஒரு மாலை, பசியோடு அலைந்த கொடுவாவின் எதிரே கொழுத்த இறால் ஒன்று ஆடியது. கொடுவா வாயைத் திறந்தது.

"வேண்டாம். அதற்குள் என்னைப்போல ஒருவன் இருக்கிறான்" என்றது முள்.

"உன் பேச்சை நான் எப்படி நம்புவது?"

"நானும் அப்படி ஒளிந்துதானே உன்னிடம் வந்தேன்."

கொடுவா விலகிக்கொண்டது. பின்னால் வந்த வேறொரு மீன் இறாலைக் கவ்வியது, துடித்துக்கொண்டே மேலே போனது, திரும்பவில்லை.

அதன்பிறகு எதைத் தின்னும் முன்பும் கொடுவா முள்ளிடம் கேட்டுக்கொண்டது. திட்டுவதை மட்டும் விடவில்லை.

மழைக்காலத்தில் முள் துருவேறி ஒடிந்து மணலில் விழுந்தது. கொடுவாவுக்கு வலி போயிற்று, வாய் லேசாயிற்று. அப்போது எதிரே ஓர் இறால் வந்து நின்றது. கொடுவா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு கீழே இறங்கி, முள் விழுந்த இடத்து மணலை வாலால் மெல்லக் கிளறத் தொடங்கியது.