பங்காளி ஆக வேண்டும்

“நல்லாத் தேடு தம்பி. ரெண்டு வூட்டுத் தாத்தாவும், சின்னாண்டியும் வெள்ளையனும், ஒரே அப்பனுக்குப் பொறந்தவங்கன்னு வந்துட்டா நாங்க பங்காளிங்க. இந்தக் கல்யாணம் செல்லாது” என்றார் அருணகிரி.

“வந்துரும்ணா, கவலப்படாத” என்றாள் பச்சையம்மா.

“உன் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும் தங்கச்சி.”

புதூர்நாட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் கிளமென்ட்டுக்கு எரிச்சலாக வந்தது. வீட்டுப் பெண் யாரையோ ஆசைப்பட்டுவிட்டாள் போல. அதைக் கெடுக்க அண்ணனும் தங்கையும் ஜீப் ஏறி வந்திருக்கிறார்கள்! இணையத்தில் இருந்த பழைய பத்திரப் பதிவுகளில் இரண்டு பெயரையும் போட்டுத் தேடினான்.

“பங்காளி இல்லீங்க. சின்னாண்டியோட தங்கச்சியத்தான் வெள்ளையன் கட்டியிருக்காரு. மாமன் மச்சான் முறை. கல்யாணம் தாராளமா செல்லும்!” என்றான் குஷியாக.

இருவர் முகமும் தொங்கிப்போனது.

“செல்லுமா? இருபது வருஷமா இவகூட மாரடிக்கிறேன். பிரிச்சு வுடுங்கன்னா பஞ்சாயத்துல காரணம் கேக்குறாங்க. இத்த வுட்டா வேற இன்னா சொல்றது?” என்றார் அருணகிரி.

பச்சையம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“சரி, எழுந்திரு மாமா. ஜீப்பு போய்டும்.”